திரேசம்மாள் என்றே எழுதுங்கள்

என் அம்மா பெயர் திரேசம்மாள். கோவில்பட்டிக்கு மேற்கே கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் விதைத்து எங்கள் மூன்று பேரையும் படிக்கவைத்தவள். ஊருக்கு அவள் 'திரேசு'. போன ஐப்பசியில் பயிர்க் காப்பீட்டுக்குப் பதிய அவளைக் கூட்டிப்போனேன். பட்டாவில் திரேசம்மாள் என்று இருக்கிறது. அடையாள அட்டையிலோ பெயர் ஆங்கிலத்துக்குப் போய்த் தமிழுக்குத் திரும்பியதில் 'த்ரெசம்மால்' ஆகிவிட்டது. கணினி முன்னால் இருந்த தம்பி, "சரியான பேரு தெரசாதானே பாட்டி, எல்லாத்துலயும் அப்படியே மாத்திருவோமா?" என்று கேட்டார். உதவத்தான் கேட்டார். அம்மா ஒன்றும் சொல்லாமல் என் முகத்தைப் பார்த்தாள்.

தெரசா ஸ்பானியப் பெயர். 16ஆம் நூற்றாண்டில் ஆவிலா நகரத்துத் துறவி ஒருவரால் உலகமெல்லாம் போனது. கொல்கத்தாவுக்கு வந்த அன்னை தெரசா என்ற அல்பேனியப் பெண், பிரெஞ்சுப் புனிதை தெரேஸை நினைத்துத்தான் பெயர் ஏற்றார். மடத்தில் அந்தப் பெயரில் வேறொருவர் இருந்ததால் ஸ்பானிய வடிவத்தை எடுத்துக்கொண்டார். கொடைக்கானல் மகளிர் பல்கலைக்கழகத்துக்கு 1984இல் அவர் பெயரே வைக்கப்பட்டது.

அதே பெயர் கரிசலுக்கு வந்தபோது 'அம்மாள்' சேர்ந்தது. அதை நான் பிழையாக நினைக்கவில்லை. பெயர் வாக்கியத்தில் நடந்துகொள்ளும் விதம் மொழிக்கு மொழி மாறும். ஆங்கில வாக்கியத்தில் பெயர் பெரும்பாலும் உருமாறாமல் நிற்கும்; வினையும் ஆணா பெண்ணா என்று கேட்காது. எபிரேயத்தில் நம் 'கு' உருபின் வேலையைச் செய்யும் எழுத்து பெயருக்கு முன்னால் ஒட்டும், வினை பெண்பாலுக்கு மாறும். தமிழில் உருபு பின்னால் ஒட்டும், வினை 'வந்தாள்' என்று முடியும்; அதனால் பெயரிலேயே ஆணா பெண்ணா என்று தெரிவது நல்லது. ரொசாரியோ ஸ்பெயினில் பெண் பெயர். இங்கே அதைக் கேட்டால் ஓர் ஆணைத்தான் நினைப்போம். 'அம்மாள்' சேர்த்துவிட்டால் அந்தக் குழப்பம் இல்லை.

நம் முன்னோர் ஒலியை மட்டும் எடுக்கவில்லை, பொருளையும் எடுத்தார்கள். ஸ்பெயினில் தொலோரெஸ் என்றால் வேதனைகள். நம் ஊரில் அவள் வியாகுலம்மாள். அங்கே சலூத், இங்கே ஆரோக்கியமேரி. அங்கே நியெவெஸ், இங்கே பனிமயம். பனியே விழாத தூத்துக்குடியில் ஆகஸ்ட் 5இல் பனிமய மாதாவுக்குத் திருவிழா நடக்கிறது! எங்கள் ஊர்ப் பக்கத்துக் காமநாயக்கன்பட்டியில் பணி செய்த வீரமாமுனிவர், இத்தாலியில் கொஸ்தான்சோ எனப் பிறந்து தைரியநாதர் ஆனவர். 'மேலும் தருவார்' என்ற பொருள் கொண்ட எபிரேயப் பெயர் யோசேப்பை, 'தேம்பாவணி'யில் வளன் ஆக்கியவரும் அவர்தான்.

அதற்காக வெளியூர்ப் பெயரையெல்லாம் நாம் மொழிபெயர்த்துவிட முடியுமா? கூடாது. ஸ்பானியக் கம்யூனிஸ்ட் தலைவர் தொலோரெஸ் இபாருரியை வியாகுலம்மாள் என்று எழுதினால் அவர் வேறொருத்தி ஆகிவிடுவார். அவர் தொலோரெஸ் என்ற பெயருக்குத் திரும்பிப் பார்த்தவர். என் அம்மா எண்பது வருஷமாகத் திரேசம்மாளுக்குத் திரும்பிப் பார்க்கிறாள். ஞானஸ்நானத்தில் அந்தப் பெயர் சொல்லித்தான் தண்ணீர் ஊற்றினார்கள். கல்யாணத்துக்கு அந்தப் பெயரைச் சொல்லித்தான் கோவிலில் ஓலை வாசித்தார்கள். காமராசர் அமைச்சரவையில் இருந்த லூர்தம்மாள் சைமனை யாரும் லூர்து என்று திருத்தவில்லையே!

பதிவு செய்கிறவர்களிடம் நான் கேட்பது சின்ன வேலைதான். பெயரைத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். ஆங்கிலத்திலிருந்து கணினி மாற்றித் தருவதை நம்பாதீர்கள். பதியும் முன் அந்தப் பெயரைச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கும் தன் பெயரைக் கேட்கத் தெரியும்.

அன்று அந்தத் தம்பியிடம், "பட்டாவில் இருக்கிற மாதிரியே போடுங்கள்" என்றேன். திருத்தத்துக்குத் தனி மனு, இன்னொரு நாள் அலைச்சல் என்றார். சரி என்றோம். புது மனுவில் அம்மா ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கடைசி 'ள்' புள்ளியை மறந்து, திரும்ப வாங்கி வைத்தாள்.