வட்டிக்காரன் அகராதி

நமது மக்கள் பேய்க்கும் பிசாசுக்கும் பயப்படுகின்றார்கள் என்று நாம் வெகுகாலமாகச் சொல்லி வருகின்றோம். ஆனால் பட்டப்பகலில், எல்லோரும் விழித்திருக்கும்போதே, ஒரு குடும்பத்தை அடித்துக் கொல்லக்கூடிய பேய் ஒன்று உண்டென்றால் அது கடன் என்னும் பேயேயாகும். மந்திரவாதியின் வார்த்தைகள் யாருக்கும் விளங்காதவை. விளங்காததினால்தான் அவன் பிழைப்பு நடக்கின்றது. வட்டிக்காரனின் வார்த்தைகளோ எல்லோருக்கும் விளங்கியது போலவே இருப்பவை. அதனால் அவன் பிழைப்பு மந்திரவாதியின் பிழைப்பைவிட நன்றாக நடக்கின்றது. ஆதலால் பணத்தைப் பற்றி நாம் தினந்தோறும் பேசும் பேச்சைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்றே இதை எழுதுகின்றோம்.

முக்கூடல், தாமிரபரணிக் கரையில் பீடித் தொழிலுக்குப் பேர் போன ஊர். இங்கும் சுற்றுப்பக்கத்துக் கிராமங்களிலும் பெண்மக்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகின்றார்கள். ஆயிரத்தில் ஒன்று குறைந்தாலும் கண்டுபிடித்து விடுவார்கள். எண்ணத் தெரியாதவர்கள் என்று அவர்களை எவனும் சொல்ல முடியாது. அப்படிப்பட்ட ஒரு தாயாரிடம், "கடனுக்கு வட்டி என்னம்மா?" என்று கேட்டால், "பத்து வட்டி அண்ணாச்சி" என்பார்கள். "பாங்கியில் எவ்வளவு?" என்றால், "அங்கே பன்னிரண்டாம்" என்பார்கள். பத்தும் பன்னிரண்டும் காதில் விழுந்தால் பத்துதானே குறைவு? இந்த இடத்தில்தான் வட்டிக்காரன் அகராதி வேலை செய்கின்றது.

பாங்கிக்காரன் பன்னிரண்டு என்பது நூறு ரூபாய்க்கு ஒரு ஆண்டுக்கு. வட்டிக்காரன் பத்து என்பது நூறு ரூபாய்க்கு ஒரு மாதத்துக்கு. பத்தாயிரம் ரூபாய்க்குப் பாங்கிக்காரன் ஆண்டுக்குக் கேட்பது 1,200 ரூபாய். பத்து வட்டிக்காரன் கேட்பது 12,000 ரூபாய். அதாவது ஒரு ஆண்டு முடிவதற்குள் முதலைவிட அதிகமாக வட்டி கட்டியாகிவிடும். முதல் முழுவதும் அப்படியே நிற்கும். ஆனாலும் அவன் ஒரு பொய்யும் சொல்லவில்லை. "மாதத்துக்கு" என்ற ஒரு வார்த்தையை மாத்திரம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டான். அந்த ஒரு வார்த்தையின் விலை 10,800 ரூபாய்!

இனி, தண்டல் என்பதைப் பாருங்கள். ஆயிரம் ரூபாய் கடன் என்று பேர். கையில் கொடுப்பது 850. பாக்கி 150 "வட்டி பிடித்தம்". பிறகு தினம் பத்து ரூபாய் வீதம் நூறு நாள் வசூல். "நூற்றுக்குப் பதினைந்துதானே, இது ஒரு வட்டியா?" என்று அவன் பெருந்தன்மையோடு கேட்பான். நாம் சொல்லுகின்றோம்: கடன் ஆயிரம் அல்ல, 850. அதுவும் நூறு நாளும் நம் கையில் இருப்பதில்லை; தினம் தினம் குறைந்து கடைசியில் ஒன்றுமில்லாமல் போகின்றது. சராசரியாகப் பார்த்தால் நம்மிடம் இருந்தது ஏறக்குறைய 425 ரூபாய்தான். 425 ரூபாயை நூறு நாள் வைத்திருந்ததற்கு 150 ரூபாய் கொடுத்தால் நூற்றுக்கு முப்பத்தைந்துக்கு மேலாகின்றது. ஆண்டுக் கணக்குப் போட்டால் நூற்றுக்கு 128. பதினைந்து என்ற பேச்சுக்குள் நூற்றிருபத்தெட்டு ஒளிந்து கொண்டிருக்கின்றது!

இந்தச் சொற்கள் எவ்வளவு பரவிவிட்டன என்றால், சர்க்காரே அவற்றைச் சட்டத்தில் எழுத வேண்டியதாயிற்று. தமிழ்நாட்டில் 2003-ல் வந்த அதீத வட்டித் தடைச் சட்டத்தில் நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று தெருப்பேச்சிலிருந்தே பேர்களை எடுத்து எழுதி, குற்றவாளிக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் முப்பதினாயிரம் ரூபாய் வரை அபராதமும் என்று விதித்தார்கள். சட்டம் வந்து பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 அக்டோபர் 23-ந் தேதி திங்கட்கிழமை, மனுக் கொடுக்கும் நாளில், திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ் வளாகத்திலேயே ஒரு கூலித் தொழிலாளியும் அவர் மனைவியும் இரண்டு சிறு பெண் குழந்தைகளும் தீயில் எரிந்து மாண்டார்கள். வாங்கியது 1 லட்சத்து 45 ஆயிரம், கட்டியது 2 லட்சத்துக்கு மேல், அப்படியும் கடன் தீரவில்லை என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. பல தடவை மனுக் கொடுத்தும் பயனில்லை என்றும் எழுதின. ஆதலால் நாம் இங்கே வார்த்தை விளையாட்டு விளையாடவில்லை என்பதை வாசகர்கள் உணர வேண்டுகின்றோம்.

இவ்வளவு கொடுமை நடந்தும் கடன்பட்டவன் ஏன் வாய் திறப்பதில்லை? அவனைக் குற்றவாளியாக்கும் வேலையை நமது பேச்சே முன்கூட்டிச் செய்து விடுவதுதான் காரணம். "கடன்" என்றால் வாங்கிய பணம். "கடன்" என்றால் செய்ய வேண்டிய கடமை. இரண்டுக்கும் ஒரே சொல். கடவுளுக்கு நேர்த்திக்கடன், செத்தவனுக்குப் பிதுர்க்கடன், வட்டிக்காரனுக்குக் கைக்கடன். மூன்றும் ஒரே வரிசையில் உட்கார்ந்து கொள்ளுகின்றன. இது நமது நாட்டில் மாத்திரம் என்று எண்ண வேண்டாம். ஜெர்மன் பாஷையில் "ஷுல்ட்" என்ற ஒரே சொல்லுக்குக் கடன் என்றும் குற்றம் என்றும் பொருள். ஆனால் நமது நாட்டு வைதிகர்கள் இதிலும் ஒருபடி மேலே போனவர்கள். பிறக்கும்போதே தேவருக்கும் ரிஷிகளுக்கும் பிதுர்களுக்குமாக மூன்று "ருணம்", அதாவது கடன், மனிதன் தலையில் இருக்கின்றதென்று எழுதி வைத்தார்கள். யாரிடம் வாங்கினான், எப்போது வாங்கினான், சாட்சி யார் என்று கேட்பாரில்லை. வசூலுக்கு மாத்திரம் தர்ப்பையோடு ஆள் வந்துவிடுகின்றது!

சாஸ்திரத்தில் வட்டிக்கும் ஜாதி உண்டு. மனுதர்மத்தின் எட்டாம் அத்தியாயத்தில் மாத வட்டி நூற்றுக்கு பிராமணனுக்கு இரண்டு, க்ஷத்திரியனுக்கு மூன்று, வைசியனுக்கு நான்கு, சூத்திரனுக்கு ஐந்து என்று வர்ண முறைப்படி விதித்திருக்கின்றது. யாருக்கு நிலமும் படிப்பும் மறுக்கப்பட்டதோ அவனுக்கே மிகுந்த வட்டி. கடனைக் கொடுக்க முடியாத தாழ்ந்த ஜாதியான் உடம்பால் உழைத்துத் தீர்க்க வேண்டும், உயர்ந்த ஜாதியானோ மெள்ள மெள்ளக் கொடுத்தால் போதும் என்றும் அதே அத்தியாயம் கூறுகின்றது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-ல் தான் வந்தது என்பதையும் சேர்த்து நினைத்தால், அந்த விதி ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பது விளங்கும்.

நிற்க. "நாணயம்" என்ற சொல்லைக் கவனியுங்கள். நாணயம் என்றால் காசு. நாணயம் என்றால் யோக்கியதை. காசு இருப்பவன் நாணயஸ்தன். காசில்லாதவனிடத்தில் நாணயம் எப்படி இருக்கும் என்று சொல்லே தீர்ப்புச் சொல்லி விடுகின்றது. "கடன்காரன்" என்பதோ கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் பொதுவான சொல். "வாசலில் கடன்காரன் நிற்கிறான்" என்றால் கொடுத்தவன். ஆனால் கோபத்தில் "அட கடன்காரா!" என்று பெற்ற பிள்ளையைத் திட்டும்போது மாத்திரம் அது வாங்கினவனைக் குறிக்கும் வசையாகி விடுகின்றது.

ஏழை கடனைக் கட்டாவிட்டால் ஏமாற்றுக்காரன், ஊரை அடித்து உலையில் போட்டவன். பெரிய கம்பெனிக்காரன் பல கோடி கட்டாவிட்டால் பாங்கிக் கணக்கில் அதற்கு "வாராக்கடன்" என்று பெயர். வராதது கடனாம், அதற்குக் கால் வலியோ என்னவோ! கொடுக்காதவன் பேரே அந்தச் சொல்லில் இல்லை பாருங்கள். நூறு ரூபாய் கடனில் முப்பதை மாத்திரம் பெற்றுக்கொண்டு எழுபதை விட்டுவிட்டால் அதற்குப் பாங்கிப் பேச்சில் "ஹேர்கட்", அதாவது முடிவெட்டு. பெரியவன் விஷயத்தில் போவது முடி. சிறியவன் விஷயத்தில் போவது தலை. சிறு கடைக்காரன் நொடித்துப் போனாலோ "மஞ்சள் கடுதாசி கொடுத்து விட்டான்" என்று மூன்று தலைமுறைக்குச் சொல்லிக் காட்டுவார்கள்.

"வட்டி குட்டி போடும்" என்கிறோம். கிரேக்க பாஷையிலும் வட்டிக்கும் பிள்ளைக்கும் "டோக்கோஸ்" என்று ஒரே சொல். ஏறக்குறைய 2,300 ஆண்டுகளுக்கு முன்னால் அரிஸ்டாட்டில் இதை எடுத்துக்காட்டி, காசு காசைப் பெறுவது இயற்கைக்கு எல்லாவற்றிலும் மாறானது என்று கண்டித்தார். ஆடு குட்டி போடும், அது புல் தின்கிறது. காசு எதைத் தின்று குட்டி போடுகின்றது? நமது பழைய கல்வெட்டுகளிலே இதற்குப் பதில் இருக்கின்றது. கோயிலில் அணையா விளக்கு எரிய ஆடுகளைக் கொடுப்பார்கள். ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு. அவற்றுக்கு "சாவா மூவாப் பேராடு" என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடு உலகத்தில் ஏது? ஆடு சாகத்தான் செய்தது. ஆனால் தொகை குறையாமல், நெய்யும் நிற்காமல் பார்த்துக்கொள்ள வேண்டியவன் இடையன். ஆடு சாகாமல் இருந்தது இடையன் உழைப்பிலே.

முக்கூடலுக்குப் பக்கத்திலுள்ள அம்பாசமுத்திரத்தில் கிடைத்த 9-ஆம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு ஒன்று, வரகுண பாண்டியன் கோயில் படையலுக்காக இளங்கோக்குடிச் சபையாரிடம் 290 காசு ஒப்படைத்ததைச் சொல்லுகின்றது. முதல் கெடக்கூடாது, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு இரண்டு கலம் நெல் வட்டி, ஆக 580 கலம். அந்தக் காலத்தில் வட்டிக்குப் "பொலிசை" என்றும் "பொலி" என்றும் பெயர். களத்தில் நெல்லைத் தூற்றும்போதும் "பொலி" என்பதே வாக்கு. பேர் எவ்வளவு மங்கலமாக இருந்தாலும் காசைப் புதைத்தால் நெல் முளைக்காது. 580 கலமும் வயலில் விளைந்தது; உழுதவனும் நட்டவளும் அறுத்தவளும் விளைவித்தது. இன்றைக்கும் "வட்டி மட்டும் கட்டி வருகிறோம், முதல் நிற்கிறது" என்கிறார்களே, அதுவும் சாவா மூவாப் பேராடுதான். புல் போடுகின்றவர்கள் பீடித் தட்டின் முன்னால் உட்கார்ந்திருக்கின்றார்கள்.

இவ்வளவுக்கும் மேலே லட்சுமி வேறு. விளக்கு வைத்த பிறகு காசு கொடுக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை கொடுக்கக் கூடாது, கொடுத்தால் லட்சுமி போய்விடுவாள் என்கின்றார்கள். ஆனால் அதே வெள்ளிக்கிழமை, விளக்கு வைத்த பிறகு, தண்டல்காரன் வசூலுக்கு வருகின்றானே, அவன் வாங்குவதற்கு மாத்திரம் நேரங்காலம் இல்லையா? அவன் வீட்டுக்குள் நுழையும் லட்சுமி உங்கள் வீட்டிலிருந்து வெளியேறும் லட்சுமிதானே? இதைக் கேட்காதபடி "தலையெழுத்து" என்ற சொல் வாயை அடைத்து விடுகின்றது. தலையில் எழுதியதை யாரும் கண்டதில்லை. புரோநோட்டில் எழுதியதை எல்லோரும் காணலாம். ஆனால் அதையோ வெறும் தாளில் கையெழுத்தாக வாங்கி வைத்துக் கொள்ளுகின்றான்.

வாங்கின கடனைக் கொடுக்க வேண்டாமா என்று சிலர் கேட்பார்கள். கொடுக்க வேண்டாம் என்பது நமது கட்சியல்ல. வாங்கியது எவ்வளவோ அதையும், சட்டம் ஒப்பும் வட்டியையும் கொடுக்கட்டும். அதற்குமேல் ஒரு காசும் கடனல்ல, கொள்ளையாகும் என்றுதான் சொல்லுகின்றோம். கொள்ளை கொடுத்தவன் வெட்கப்பட வேண்டியதில்லை; கொள்ளை கொண்டவன்தான் வெட்கப்பட வேண்டும்.

ஆகவே தோழர்களே, தாய்மார்களே! இனி எவன் கடன் கொடுக்க வந்தாலும் நான்கு கேள்வி கேளுங்கள். என் கையில் வருவது எவ்வளவு? நான் கட்டப் போவது மொத்தம் எவ்வளவு? எத்தனை நாளில்? ஆண்டுக்கு நூற்றுக்கு என்ன வீதம்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். சிறுகடன் கம்பெனிகள் இவற்றையெல்லாம் கடன் வாங்குவோருக்குத் தெரிந்த பாஷையில் தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமென்று ரிசர்வ் பாங்கு 2022-ல் உத்தரவு போட்டிருக்கின்றது; வலுக்கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2025-ல் ஒரு சட்டமும் வந்திருக்கின்றது. கேட்கிறவர்கள் இல்லாவிட்டால் இவையும் 2003-ம் ஆண்டுச் சட்டத்தைப் போலவே ஏட்டில் தூங்கும். வெறும் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டிய பணத்துக்கு ரசீது இல்லாமல் திரும்பாதீர்கள். கடன்பட்ட பக்கத்து வீட்டுக்காரரை நாணயம் கெட்டவர் என்று பேசாதீர்கள். அவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுங்கள்.

ஆயிரம் பீடியைப் பிசகாமல் எண்ணத் தெரிந்த கைகளுக்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரியமல்ல. கேட்கக் கூடாது என்று பழக்கி வைத்ததுதான் பெரிய காரியமாக இருக்கின்றது. அந்தப் பழக்கத்தை விட்டால் போதும். வட்டிக்காரன் அகராதி வெறும் தாளாகி விடும்.