தரவரிசை என்பது தீர்ப்பன்று

தரவு அறிவியல் துறைகளின் ஆய்வேடுகளில் ஒரு வாக்கியம் வாடிக்கையாகிவிட்டது: 'தரவரிசையை அடிப்படையாகக் கொண்ட எங்கள் மாதிரி, ரக்பி ஆட்டங்களின் முடிவை இத்தனை விழுக்காடு துல்லியத்துடன் கணிக்கிறது.' அவையில் கைதட்டல் எழுகிறது, தேர்வாளர் தலையசைக்கிறார். அந்த விழுக்காடு எதனோடு ஒப்பிடப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை. தரவரிசையைக் கொண்டு கணிப்பது குற்றமன்று. ஆனால் அக்கணிப்பின் தரத்தை வெறும் விழுக்காட்டால் அளப்பதும், வரிசையையே தீர்ப்பாகக் கொள்வதும் ஆய்வு அறமாகாது என்பதே என் வாதம்.

ரக்பி நம் நாட்டில் பெருவழக்கான ஆட்டமன்று. ஓர் ஆட்டத்தையும் முழுமையாகப் பாராமல் எண்களை மட்டும் பதிவிறக்கி ஆய்வு செய்ய இயல்கிறது. ஆதலால், அந்த எண்கள் எத்தகைய ஆட்டங்களிலிருந்து பிறந்தவை என்பதை முதலில் நினைவூட்ட வேண்டியிருக்கிறது.

2023 உலகக் கோப்பையின் குழுச் சுற்றைப் பாருங்கள். பிரான்ஸ் நமீபியாவை 96–0 என வென்றது. ஸ்காட்லாந்து ருமேனியாவை 84–0 எனவும், தென்னாப்பிரிக்கா அதே ருமேனியாவை 76–0 எனவும், இங்கிலாந்து சிலியை 71–0 எனவும் வென்றன. இவற்றைக் கணிக்க மாதிரி எதற்கு? வரிசையில் மேலே நிற்கும் அணியின் பெயரைப் படித்தால் போதும். இத்தகைய ஆட்டங்களைச் சேர்த்துக்கொண்டால் எவருடைய துல்லியமும் உயர்ந்துவிடும். கணிப்புக்கு உண்மையான சோதனை சம வலிமையுள்ளோர் மோதும் இடத்தில்தான் தொடங்குகிறது. அத்தொடர் ஆரம்பித்த நாளின் வரிசையைக் கொண்டு நான்கு காலிறுதிகளையும் கணித்திருந்தால், சரியாக வந்திருப்பவை இரண்டே. அதற்கு நாணயத்தைச் சுண்டினாலே போதும்.

தென்னாப்பிரிக்கா அந்தக் கோப்பையை எவ்வாறு வென்றது? காலிறுதியில் பிரான்ஸை 29–28, அரையிறுதியில் இங்கிலாந்தை 16–15, இறுதியில் நியூசிலாந்தை 12–11. மூன்றும் ஒரு புள்ளி வெற்றிகள். அக்காலிறுதியில் பிரான்ஸின் தோமா ராமோஸ் இரண்டு புள்ளிகளுக்காக உதைத்த பந்தை, செஸ்லின் கோல்பே பாய்ந்து சென்று தடுத்தார். அந்த ஒரு பாய்ச்சலைவிடச் சிறியது வெற்றியின் இடைவெளி. இதைத் தம் மாதிரி முன்கூட்டியே 'அறிந்தது' என்று எவரேனும் கூறினால், அது அறிவன்று, நல்லூழ்.

இனி அந்த வரிசை உருவாகும் முறைக்கு வருவோம். உலக ரக்பி அமைப்பின் தரவரிசை 2003இல் அறிமுகமானது. ஒவ்வோர் ஆட்டத்திலும் தோற்ற அணி இழக்கும் புள்ளிகளையே வென்ற அணி பெறும். 2023 உலகக் கோப்பைக் காலத்து விதிப்படி, சொந்த மண்ணில் ஆடும் அணிக்கு மூன்று புள்ளிகள் கூட்டிக் கணக்கிடுவர். இடைவெளி பத்துப் புள்ளிகளோ அதற்கு மேலோ இருந்தால், வலிய அணி வென்றாலும் அதற்கு எதுவும் கிடைக்காது. பெருவெற்றிக்கான கூடுதலை நீக்கிவிட்டுப் பார்த்தால், இச்சூத்திரத்தின் உட்பொருள் இது: இடைவெளி ஐந்தானால் வெற்றி வாய்ப்பு நான்கில் மூன்று, பத்தானால் வெற்றி உறுதி. நிகழ்தகவில் 'உறுதி' என்பது எவ்வளவு துணிச்சலான சொல்! 2015 செப்டம்பர் 19 அன்று பிரைட்டனில், மூன்றாம் இடத்திலிருந்த தென்னாப்பிரிக்காவைப் பதின்மூன்றாம் இடத்திலிருந்த ஜப்பான் 34–32 என வென்றது. இடைவெளி பத்துக்கும் மேல். சூத்திரத்தின் கண்ணில் நடக்கவே முடியாத ஒன்று அன்று நடந்தது.

வரிசை மறைப்பவை இன்னும் உண்டு. 2023 தொடரின் தொடக்கத்தில் ஆறாம் இடத்து அர்ஜென்டினாவுக்கும் ஒன்பதாம் இடத்து ஆஸ்திரேலியாவுக்கும் இடையே இருந்தது ஏறத்தாழ ஒரே ஒரு தரப்புள்ளி. நான்காம் இடத்து நியூசிலாந்துக்கும் ஐந்தாம் இடத்து ஸ்காட்லாந்துக்கும் இடையே ஐந்து. இட எண்ணை மட்டும் உள்ளீடாகக் கொடுக்கும் மாணவர் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகிறார். அதே தொடரில் பிஜி ஆஸ்திரேலியாவை வென்றது. ஆஸ்திரேலியா போர்ச்சுகலை வென்றது. போர்ச்சுகல் பிஜியை வென்றது. இவ்வட்டத்தை எந்த நேர்கோட்டில் அடுக்குவீர்கள்? நமீபியாவுக்கு எதிரான 96–0 வெற்றியால் பிரான்ஸின் தரப்புள்ளி அணுவளவும் மாறவில்லை. ஆனால் அணித்தலைவர் அந்துவான் துபோன் முகஎலும்பு முறிந்து வெளியேறியது அவ்வாட்டத்தில்தான். எண் அப்படியே நின்றது, அணி மாறிவிட்டது.

'மாணவர் பயிற்சிதானே, இதற்கு இவ்வளவு கடுமை எதற்கு?' என்பர். வரிசையைத் தீர்ப்பாகக் கொண்டால் என்ன நேரும் என்பதை ரக்பியே காட்டியிருக்கிறது. 2023 கோப்பைக்கான குலுக்கல் 2020 டிசம்பரில் நடந்தது. பெருந்தொற்றைக் காரணங்காட்டி 2020 ஜனவரி 1ஆம் நாளின் வரிசையைப் பயன்படுத்தினர். விளைவாக, தொடர் தொடங்கியபோது முதல் ஐந்து இடங்களில் இருந்த அணிகள் அனைத்தும் அட்டவணையின் ஒரே பாதியில் சிக்கின. அயர்லாந்தும் பிரான்ஸும் காலிறுதியிலேயே வீடு திரும்பின. 2015 கோப்பைக்கு 2012 டிசம்பரில் குலுக்கியபோது வேல்ஸ் ஒன்பதாம் இடத்தில் இருந்தது; அதனால் இங்கிலாந்து, ஆஸ்திரேலியா, வேல்ஸ் மூன்றும் ஒரே குழுவில் விழுந்தன. போட்டியை நடத்திய இங்கிலாந்து குழுச் சுற்றோடு வெளியேறியது. பழைய எண் ஒன்று பிந்தைய ஆண்டுகளின் உழைப்பைத் தண்டித்தது.

ஆகவே வழிகாட்டிகளிடமும் தேர்வாளர்களிடமும் மூன்று கேள்விகளை முன்வைக்கிறேன். 'மேலே உள்ள அணி வெல்லும்' என்ற எளிய விதியைவிட இம்மாதிரி எவ்வளவு மேம்பட்டது? பயன்படுத்திய தரவரிசை ஆட்டத்துக்கு முந்தைய நாளுடையதா, அல்லது முடிவுகளை ஏற்கனவே விழுங்கிய இன்றைய வரிசையா? மாதிரி வெறும் பெயரைச் சொல்கிறதா, நிகழ்தகவைச் சொல்கிறதா? வானிலை ஆய்வாளர் கிளென் பிரையர் 1950லேயே நிகழ்தகவுக் கணிப்புகளை மதிப்பிட ஓர் அளவுகோலைத் தந்துவிட்டார். தவறான கணிப்பை எவ்வளவு உறுதியோடு சொன்னோமோ, அவ்வளவு கடுமையாக அது தண்டிக்கும். 'எழுபது விழுக்காடு' என்று சொன்ன ஆட்டங்களில் பத்துக்கு ஏழு அவ்வாறே முடிந்தால் அக்கணிப்பு நேர்மையானது. மற்ற மூன்று தோல்வியல்ல, அந்நேர்மையின் பகுதி.

ரக்பிக் கணிப்பு பொய்த்தால் எவருடைய குடியும் மூழ்காது. ஆனால் இன்று அணிகளை வரிசைப்படுத்தக் கற்கும் மாணவரே நாளை வங்கியில் கடன் கேட்போரையும் மருத்துவமனையில் நோயாளிகளையும் வரிசைப்படுத்தப்போகிறார். 'பத்துப் புள்ளி இடைவெளி, ஆகவே உறுதி' என்ற பழக்கத்தோடு அவரை அங்கே அனுப்பினால், ஜப்பானைப் போல வென்று காட்ட அம்மனிதர்களுக்கு ஆடுகளமே கிடைக்காது.