பொதுக் கிணறும் தனிக் குடமும்

மென்பொருள் இயற்றுவோர் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. பிறர் எழுதிய பொதுநிரல்களையும் எடுத்தாள்வர். அவற்றைத் தனியே நிறுவிப் பலரும் பகிர்வதா, அன்றி ஒவ்வொரு மென்பொருளுக்குள்ளும் ஒரு படியை வைத்துக்கொள்வதா என்பதே வினா. முன்னது பொதுக் கிணறு. பின்னது தனிக் குடம்.

தனிக் குடத்திற்கும் நலன் உண்டு. கிணறு மூடப்பட்டாலும் குடத்து நீர் உதவும். 2016 மார்ச்சுத் திங்களில் 'லெப்ட்பேட்' என்னும் 11 வரிச் சிறுநிரலை அதன் ஆசிரியர் பொதுக் களஞ்சியத்தினின்றும் நீக்கினார். அதனை நம்பியிருந்த பல மென்பொருள்களை உருவாக்கும் பணி தடைப்பட்டது.

எனினும், நீர் கெட்டால் விளையும் கேடு பெரிது. தரவுகளைச் சுருக்கும் 'சீலிப்' என்னும் நிரலில் 2002-இல் பாதுகாப்புக் குறையொன்று வெளிப்பட்டது. பகிர்ந்து ஆண்ட மென்பொருள்களுக்கு, கணிப்பொறியில் ஓரிடத்துத் திருத்தமே போதுமானதாயிற்று. படியெடுத்து உள்ளே வைத்திருந்தவற்றையோ ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டியதாயிற்று. டெபியன் இயங்குதளத்தின் விதிகளும் இத்தகைய படிகளைத் தவிர்க்குமாறே கூறுகின்றன.

ஆதலின் பகிர்தலே சிறந்த முறை. தனிப்படி வைத்தே தீரவேண்டின், அதன் பெயரையும் பதிப்பெண்ணையும் குறித்துவைத்து, மூலம் திருந்துந்தோறும் படியையும் திருத்துதல் வேண்டும். குடத்தை நிரப்புதல் எளிது. அந்நீரைத் தூயதாகக் காத்தலே நிரப்பியோர் கடனாகும்.