மூன்றடிக்குத்தானே சரி சொன்னான்?

வி.ஆர். ஹெட்செட்டை மாட்டிக்கொண்டால் நம்மை ஆறு அங்குலமாகவும் ஆக்கலாம், அறுபது அடியாகவும் ஆக்கலாம். 'பெரியவர்களுக்கு மட்டும்' வகை வி.ஆரில் இந்த உருவம் மாறும் கற்பனைக்கென்றே தனி ரசிகர்கள் உண்டு. ஒருவர் ராட்சத உருவம், இன்னொருவர் உள்ளங்கை அளவு. கேட்டதும் சிலர் நெளிவீர்கள். எனக்கு அதில் அசிங்கம் தெரியவில்லை. ஆனால் ஓர் ஆபத்து தெரிகிறது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சராசரியாக 63 மில்லிமீட்டர் இடைவெளி. வி.ஆரில் அந்த இடைவெளியைப் பத்து மடங்காக்கி, கண் மட்டத்தையும் அதே கணக்கில் உயர்த்தினால் தெருவும் வீடும் கொலு பொம்மை போலத் தெரியும். குறைத்தால் நாற்காலி கோபுரமாகிவிடும். 2011-ல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு சோதனை செய்தார்கள். படுத்திருப்பவர் குனிந்து பார்த்தால் தன் உடம்புக்குப் பதில் ஒரு பொம்மையின் உடம்பு தெரியும். பொம்மையின் காலையும் அவர் காலையும் ஒரே நேரத்தில் தொட்டார்கள். 30 சென்டிமீட்டர் பொம்மையாக உணர்ந்தவர்களுக்குச் சுற்றியுள்ள பொருட்கள் பெரிதாகவும் தூரமாகவும் தெரிந்தன. 4 மீட்டர் பொம்மைக்கு நேர் எதிர். அதாவது, உலகத்தை நாம் அளப்பது நம் உடம்பை வைத்துத்தான்.

எனவே இதை 'சும்மா கேம்தானே' என்று தள்ள முடியாது. சின்னவராக ஆனவர் உண்மையாகவே சின்னவராக உணர்கிறார்.

இப்போது எங்கள் பக்கத்துக் கதைக்கு வருகிறேன். எனக்கு ரிஷிவந்தியம். கொஞ்ச தூரத்தில் திருக்கோவிலூர். அங்கே உலகளந்த பெருமாள், தூக்கிய திருவடியோடு நெடுநெடுவென்று நிற்கிறார். சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறது. கதை உங்களுக்குத் தெரியும். குள்ள உருவத்தில் வந்த வாமனன் மூன்றடி மண் கேட்டான். மகாபலி சரி என்றான். நீர் வார்த்த பிறகு வாமனன் வளர்ந்தான். மூன்றாவது அடிக்கு மகாபலியின் தலைதான் மிச்சம்.

பெருமாளோடு எனக்கு வம்பு இல்லை :-) அவருக்குக் காரணம் இருந்தது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். மகாபலி சம்மதம் சொன்னது குள்ளனுக்கு. அளந்துகொண்டது வேறு உருவம்.

நான் சொன்ன ஆபத்து இதுதான். இரண்டு பேர் சேர்ந்து நுழையும் காட்சியில், சம உயரத்தில் இருக்கும்போது சொன்ன 'சரி', ஒருவர் அறுபது அடியான பிறகும் செல்லுமா? என்னைக் கேட்டால் செல்லாது. உருவம் மாறினால் பலம் மாறுகிறது. பலம் மாறினால் மறுபடி கேட்க வேண்டும்.

"கேட்டுக்கொண்டே இருந்தால் சுவாரசியம் போய்விடுமே" என்று ஹாஸ்டல் நண்பன் சொன்னான். நியாயமான கேள்விதான். எதிரே இருப்பது வெறும் புரோகிராம் என்றால் அதனிடம் கேட்க ஒன்றுமில்லை. மனிதர் என்றால், எவ்வளவு வளரலாம், எதுவரை போகலாம் என்பதை நுழையும் முன்பே இருவரும் பேசி வைக்கட்டும். அந்த எல்லைக்குள் எத்தனை ஆச்சரியம் வேண்டுமானாலும் வைக்கலாம். எல்லையைத் தாண்டும்போது மட்டும் காட்சி நின்று கேட்கட்டும்.

இன்னும் இரண்டு விஷயம். வெளியேறும் பொத்தான் இருவர் கைக்கும் ஒரே மாதிரி எட்ட வேண்டும். ராட்சதர் கையில் மட்டும் இருந்தால் அது கற்பனை இல்லை, சிறை. அடுத்தது, சிறிதாக்குவது வேறு, குழந்தையாக்குவது வேறு. உயரம் குறைந்தாலும் உடல்வாகும் முகமும் குரலும் பெரியவருடையதாகவே இருக்க வேண்டும். இதில் பேரமே கிடையாது.

நம்மில் பலர் நாளைக்கு இந்த மாதிரி சாஃப்ட்வேர் எழுதப் போகிறவர்கள். மகாபலிக்குக்கூட நீர் வார்க்கும் முன் எச்சரிக்க ஒரு சுக்கிராச்சாரியார் இருந்தார். நாம் எழுதும் புரோகிராமில் அந்த வேலையை நாம்தான் செய்ய வேண்டும்.