எத்தனை அடி போட்டீங்க?

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு அடுக்குமாடிகளில் குடியிருக்கும் நாம், போர் போடுமுன் கேட்ட கேள்விகள் இரண்டுதான். அடிக்கு எவ்வளவு? என்றைக்கு முடியும்? பாயிண்ட் பார்க்கிறவர் உள்ளங்கையில் தேங்காயோடு நடந்தார். அது எழுந்து நின்ற இடம் கழிவுநீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். ஒருவரும் வாய் திறக்கவில்லை; கார் நிறுத்துமிடம் தப்பியதே என்றிருந்தோம்.

1987ஆம் ஆண்டு நிலத்தடி நீர்ச் சட்டப்படி சென்னையில் கிணறு தோண்டக் குடிநீர் வாரியத்தின் அனுமதி வேண்டும். இதை அறிந்தவர்கள் நம்மில் உண்டு. ரிக் வண்டியை ராத்திரி வரச் சொன்னவர்களும் அவர்கள்தான்.

மண்ணைப் பற்றிக் கொஞ்சம் விசாரித்திருக்கலாம். மயிலாப்பூரில் மணலும் களிமண்ணும் மாறி மாறி வரும். அடையாற்றில் பல இடங்களில் சீக்கிரமே பாறை தட்டும். பெசன்ட் நகர் கடற்கரை மணலில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே ஓரடி இறங்கினால், கீழே உப்பு நீர் ஏறக்குறைய 40 அடி ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நாமோ பக்கத்து வீட்டில் 200 என்றால் இங்கே 250 என்றோம். ஆழம் கூடக் கூட மரியாதையும் கூடியது. வெளியே வந்த மண்ணில் பத்தடிக்கு ஒரு பிடி எடுத்து வைத்திருந்தால், கேசிங் பைப்பை எதுவரை இறக்குவது என்றாவது தெரிந்திருக்கும். அந்தச் சேற்றைத் தெரு வடிகாலில் தள்ளினோம்.

பெசன்ட் நகரில் சேகர் ராகவன் வீடு வீடாகப் போய் மழைநீரைச் சேமிக்கச் சொன்னபோது நம்மில் பலர் தலையாட்டியதோடு சரி. 2003இல் அது கட்டாயமானதும் குழாய் பொருத்தினோம். குழியை அதன்பிறகு திறந்து பார்க்கவில்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மி.மீ. மழை. ஒரு கிரவுண்டு மனையில் அது மூன்று லட்சம் லிட்டர், 12,000 லிட்டர் லாரிக் கணக்கில் 25 லாரி. அத்தனையையும் தெருவுக்கு அனுப்ப வசதியாக வாசல்வரை டைல்ஸ் பதித்தோம். மொட்டைமாடித் தண்ணீரை வடிகட்டி நேராக விடத் தோதாக இருந்த உறைகிணற்றைக் கட்டட இடிபாடு கொட்டி மூடினோம். மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்த தி.நகரில் இதற்கு முன்னுதாரணம் இல்லாமலா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டபோது, மேற்கு மாம்பலம் லேக் வியூ ரோட்டிலும் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தார்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்துக்கு, 350 அடியில் புது போர் என்ற யோசனை வந்திருக்கிறது. எதிர்க்க வேண்டும். முதலில் பழைய போரைக் கம்ப்ரசர் வைத்துச் சுத்தம் செய்து, தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்போம். மழைநீர்க் குழியின் ஜல்லியையும் மணலையும் அள்ளிக் கழுவ இப்போதே ஆள் சொல்லிவைக்க வேண்டும். ஐப்பசி பிறந்துவிட்டால் ஆள் கிடைப்பதில்லை.