ஒட்டிய தடம் தெரியாத பொன்மணிகள்



பழங்காலப் பொன்னணிகளுக்காகவே சில பக்கங்களை இந்த இதழில் ஒதுக்கியிருக்கிறோம். அவற்றுக்கான படங்களில் ஒன்று என்னை நெடுநேரம் பிடித்து நிறுத்திவிட்டது. 1836-இல் இத்தாலியின் செர்வெதேரியில் திறக்கப்பட்ட கல்லறை ஒன்றில் கிடைத்த ஆடை ஊசி அது. கல்லறை பண்டைய இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் என்ற மக்களுடையது. கி.மு. 7-ஆம் நூற்றாண்டு வேலை. இப்போது வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மேல் தகட்டில் ஐந்து சிங்கங்கள் நடை போடுகின்றன. கீழே சின்னஞ்சிறு வாத்துகள் வரிசை கட்டி நிற்கின்றன. உருவங்களின் ஓரங்களைப் பெரிதாக்கிப் பார்த்தால் கோடாகத் தெரிந்ததெல்லாம் பொன்மணிகள்!

மணிகளைச் செய்வது அத்தனை கடினமில்லை. பொன் துணுக்குகளைக் கரித்தூளில் புதைத்து மூசையில் வைத்துச் சூடேற்றினால், உருகும் துணுக்கு தானே உருண்டுகொள்ளும். எத்ருஸ்கர் செய்த மிக நுண்ணிய மணிகள் 0.2 மில்லிமீட்டருக்கும் சிறியவை. அவற்றைத் தகட்டில் ஒட்டுவதில்தான் வித்தை இருக்கிறது. வழக்கமான பற்றாசு வைத்து ஊதினால் அது உருகி ஓடி, மணிகளுக்கு நடுவே தேங்கிவிடும். ஒவ்வொரு மணியும் தனித்து நிற்கும் அழகு போய்விடும்.

ரோம் நகரின் புகழ்பெற்ற காஸ்தெல்லானி நகைக் குடும்பம் 19-ஆம் நூற்றாண்டில் இந்த வேலையை மீட்க எவ்வளவோ பாடுபட்டது. பழைய முறைகள் மிஞ்சியிருந்த மலைக் கிராமத்திலிருந்து கைவினைஞர்களையே ரோமுக்கு வரவழைத்தார்கள். அழகான நகைகள் பிறந்தன. ஆனால் எத்ருஸ்கரின் நுணுக்கம் கைகூடவில்லை.

1930-களில் லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் ஒரு வழி கண்டார். செப்பு உப்பைப் பசையோடு குழைத்து மணிகளைத் தகட்டில் ஒட்டிச் சூடேற்ற வேண்டும். உப்பு செப்பு ஆக்சைடாகும், பசை கரியாகும். 850 டிகிரி செல்சியஸ் வாக்கில் அந்தக் கரி ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, செம்பு மட்டும் மிஞ்சும். தூய பொன் உருக 1064 டிகிரி வேண்டும். செம்பு கலந்த பொன்னுக்கோ 890 டிகிரியே போதும். ஆகவே மணியும் தகடும் தொடும் அந்த ஒரு புள்ளி மட்டும் உருகிப் பிணைகிறது!

பொன்னைப் பற்றவைக்கப் பயன்பட்ட பச்சைநிறச் செப்புப் பொருளைப் பற்றி ரோமானியரான பிளினி கி.பி. முதல் நூற்றாண்டிலேயே எழுதியிருக்கிறார். அந்தக் குறிப்பு கையில் இருந்தும் வித்தை நெடுங்காலம் திரும்பவில்லை. தீயின் நிறம் பார்த்து, சரியான நொடியில் ஊதுவதை நிறுத்தும் பழக்கம் பட்டறையில் மட்டுமே கைமாறுவது. எழுத்தில் அது ஏறவே இல்லை.

நம் ஆசாரிகளின் கைவேலையும் அப்படி மறைந்துவிடக் கூடாது. அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். பாட்டியின் பழைய நகையை உருக்கக் கொடுக்கும் முன், முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் படமெடுத்து அனுப்புங்கள். ஒட்டுவேலை பின்பக்கத்தில்தான் நன்றாகத் தெரியும். செய்த ஆசாரியின் ஊரும் பட்டறையும் நினைவில் இருந்தால் அதையும் எழுதுங்கள். வரும் இதழ்களில் வெளியிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்