பாறுவை ஒற்றையாக அடைக்காதீர்

காயத்தாலோ நீர்ச்சத்துக் குறைவாலோ பறக்க முடியாமல் விழும் பாறு பெரும்பாலும் ஒற்றையாகத்தான் நம் கைக்கு வந்து சேருகிறது. சிகிச்சை முடிந்தும் பறக்கும் திறன் திரும்பாவிட்டால், ஆயுள் முழுக்க ஒற்றையாகவே கூண்டில் இருந்துவிடவும் கூடும். வேளைக்கு இறைச்சி, தொட்டி நிறைய நீர், பதிவேட்டில் எடை என்று எல்லாம் சரியாக இருக்கும். அந்த இனத்துக்கு அது போதாது.

வெண்முதுகுப் பாறு கூட்டமாக வாழும் உயிர். வானில் ஒன்று தாழ்ந்து இறங்குவதைப் பார்த்துத்தான் தொலைவில் வட்டமிடும் மற்றவை இரை இருக்கும் இடத்தை அறிகின்றன. உயர்ந்த மரங்களில் அருகருகே கூடு கட்டும். ஆண்டுக்கு ஒரே முட்டை. ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். குஞ்சு வளர்ந்து இணைசேர ஏறக்குறைய 5 ஆண்டுகள் ஆகும். இவ்வளவு மெதுவாகப் பெருகும் இனத்தில் இணையில்லாமல் கழியும் ஒவ்வொரு பருவமும் இழப்புதான்.

அரியானாவின் பிஞ்சோர் இனப்பெருக்க மையம் இந்த இயல்பறிந்து கட்டப்பட்டது. அங்குள்ள கூட்டுக் கூண்டுகள் 100 அடி நீளமும் 40 அடி அகலமும் 20 அடி உயரமும் கொண்டவை. பறவைகள் சிறகடித்துப் பறக்கலாம், இணையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். பாதப் புண் வராமலிருக்க, அமரும் கட்டைகளில் தென்னைநார்க் கயிறு சுற்றியிருக்கிறார்கள். அங்கு வளர்ந்த பறவைகள் 2020 முதல் காட்டில் விடப்பட்டு வருகின்றன.

கையாளும்போதும் இயல்பறிவு வேண்டும். தின்று முடித்த பாறு தலையையும் கழுத்தையும் நீரில் முக்கிக் கழுவும்; பிறகு சிறகை அகல விரித்து வெயிலில் காயும். அதனால் தலை முங்கும் அளவு நீருள்ள தொட்டியும் நேர்வெயிலும் கட்டாயம் தேவை. அச்சுறுத்தினால் தின்றதைக் கக்கிவிடும். கக்கியது மூச்சுக்குழாய்க்குள் போனால் ஆபத்து. தீனிப்பை நிறைந்திருக்கும் பறவையைப் பிடிக்க வேண்டாம்.

கூண்டுக்கு வெளியே நம் பொறுப்பு இன்னும் பெரிது. டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி செலுத்திய மாட்டின் இறைச்சியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து கொன்றது என்பது 2004இல் உறுதியானது. கால்நடைகளுக்கான அம்மருந்து 2006இலும், கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் ஆகியவை 2023இலும் தடைசெய்யப்பட்டன. மெலாக்சிகாமும் டோல்ஃபெனாமிக் அமிலமும் பாறுகளுக்குத் தீங்கற்றவை என்று சோதித்து அறியப்பட்டவை. தென்னிந்தியாவில் வெண்முதுகுப் பாறுகள் கூடு கட்டும் முக்கிய இடம் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. அதைச் சுற்றிய ஊர்களில் மாடு பார்க்கும் மருத்துவர் எழுதும் ஒவ்வொரு சீட்டும் அந்தக் கூடுகளைத் தொடுகிறது.

ஒற்றைப் பாறு வைத்திருக்கும் பூங்காக்களும் மீட்பு மையங்களும், உரிய அனுமதி பெற்று, அதைத் தன் இனத்தோடு சேர்க்கும் முயற்சியை இந்த ஆண்டே தொடங்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் வலிக்கும் காய்ச்சலுக்கும் மெலாக்சிகாமையே முதலில் எழுத வேண்டும். இவ்விரண்டுக்கும் புதிய ஆய்வு எதுவும் தேவையில்லை. அறிந்ததைச் செய்தால் போதும்.